ஆன்லைனில் குர்ஆன் ஓதிக்கொடுக்கத் தொடங்கும் ஆலிமாக்களுக்கு ஒரு வழிகாட்டி

மத்ரஸாவில் ஓதி முடித்து ஸனது (பட்டச் சான்று) வாங்கிய பெண்கள் பலர் இப்போது வீட்டிலிருந்தே வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. ஆரம்பித்த புதிதில் சந்தேகம் கேட்க ஆள் இல்லை. தேடிப் பார்த்தால் கிடைத்ததெல்லாம் பொதுவான ஆன்லைன் டியூஷன் யோசனைகள்தான். கணக்கு டியூஷன் என்றால் பிள்ளை போட்ட விடை திரையில் தெரிந்தால் போதும். நமக்கு அது போதாது. பிள்ளை ஓதியது ஸீனா (س) ஸாதா (ص), குன்னா (மூக்கொலி) முழுதாக நின்றதா பாதியில் போய்விட்டதா என்று காது பிரித்துச் சொல்ல வேண்டும். அதனால் இந்த வேலையில் எதைத் தீர்மானித்தாலும் ஒரே கேள்வியை வைத்துத் தீர்மானியுங்கள்: பிள்ளை ஓதுவது என் காதுக்குச் சுத்தமாக வந்து சேருகிறதா? கேமரா, பின்னணி, விளம்பரப் படம் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஆண் உஸ்தாதுகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஆலிமாக்களுக்கு மட்டும் உரியதை அந்தந்த இடத்தில் சொல்கிறேன்.

1. முதலில் உங்கள் ஓதலை ஒருவரிடம் காட்டிவிடுங்கள்

ஓதி முடித்துச் சில வருடம் ஆகியிருந்தால், கல்யாணம், பிள்ளை, வீட்டு வேலை என்று ஓதல் கொஞ்சம் தளர்ந்திருக்கும். வகுப்பு தொடங்கும் முன் உங்கள் உஸ்தாதிடமோ தஜ்வீதில் (ஓதல் சட்டங்களில்) தேர்ந்த வேறொருவரிடமோ அம்ம ஜுஸ்உவையாவது (குர்ஆனின் கடைசிப் பாகம்) முழுதாக ஓதிக்காட்டுங்கள். அவர் திருத்துவதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்லைனில் நீங்கள் சொன்னதைப் பிள்ளை அப்படியே பிடித்துக்கொள்ளும். பெற்றோர் அதைப் பதிவு செய்து திரும்பத் திரும்பப் போட்டும் காட்டுவார்கள். உங்கள் வாயில் இருக்கும் சின்னப் பிசகு அங்கே ஊறிவிடும்.

கையில் வைத்திருக்க வேண்டியவை: ஆலிமா அல்லது ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) ஸனதின் நல்ல ஸ்கேன், இஜாஸா (ஓதிக்கொடுக்க உஸ்தாது தரும் அனுமதி) இருந்தால் அதன் நகல், ஆதார், பான் கார்டு, வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம். இத்துடன் நீங்கள் ஓதிய இரண்டு நிமிட ஆடியோ ஒன்று. ஸூரத்துல் முல்க்கின் முதல் சில ஆயத்துகள் போதும். வேலூர் பாகியாத் மத்ரஸாவின் பட்டத்துக்கு ஊரில் எவ்வளவு மதிப்பு என்று நமக்குத் தெரியும். லண்டனில் பிறந்து வளர்ந்த ஒரு தாய்க்கு அது தெரியாமல் இருக்கலாம். அவர் கேட்டு முடிவு செய்வது உங்கள் ஓதலைத்தான்.

குரலைப் பொதுவில் பகிர விருப்பமில்லை என்றால் தாய்மார்களுக்கு மட்டும் தனியாக அனுப்புங்கள். அதில் தவறே இல்லை. கேட்டு வருபவர்கள் வருவார்கள்.

இந்தக் கட்டத்தில் ஒரு எச்சரிக்கை. ஆன்லைன் அகாடமிகள் சில உங்களை வேலைக்கு எடுத்து, பிள்ளையிடம் வாங்கும் கட்டணத்தில் பாதிக்கு மேல் தாங்களே வைத்துக்கொள்கின்றன. முதல் மாதச் சம்பளத்தை 'டெபாசிட்' என்று பிடித்து வைப்பதும் உண்டு. நான் ஆரம்பத்தில் சேர்ந்த இடத்தில் இதுதான் நடந்தது. விலகியபோது அந்தத் தொகை திரும்பி வரவேயில்லை. அகாடமியில் சேர்வதே கூடாது என்று சொல்லவில்லை. பிள்ளை தேடும் அலைச்சல் மிச்சம், உண்மைதான். ஆனால் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில் சம்பளம், விலகினால் என்ன என்ற மூன்றையும் எழுத்தில் வாங்காமல் சேராதீர்கள். அசல் ஸனதை யார் கேட்டாலும் அனுப்பாதீர்கள்.

2. பிள்ளை எந்த நாட்டில் இருக்கிறது என்று பாருங்கள்

இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நாம் நம் வீட்டில்தானே உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைக்கிறோம். மார்க்கக் கல்விக்கு அனுமதி கேட்கும் நாடுகள் இருக்கின்றன. நம் பிள்ளைகள் அதிகம் இருப்பதும் அங்கேதான்.

சிங்கப்பூரில் மார்க்கம் போதிப்பவர்கள் அங்குள்ள இஸ்லாமிய சமய மன்றத்தின், அதாவது முயிஸின், அங்கீகாரத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும் என்பது 2017 ஜனவரி முதல் கட்டாயம். குர்ஆன் ஓதிக்கொடுப்பவர்களுக்கென்று தனிப் பிரிவும் உண்டு. மலேசியாவில் அந்தந்த மாநில மார்க்கத் துறை தரும் தௌலியா என்ற அனுமதி தேவை. ஐக்கிய அரபு அமீரகத்திலும் குர்ஆன் கற்பிக்க அரசு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத ஆன்லைன் வகுப்புகளில் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டாம் என்று மார்க்க விவகாரங்களைக் கவனிக்கும் அங்குள்ள அவ்காஃப் ஆணையமே பெற்றோரை எச்சரித்திருக்கிறது.

அதனால் அந்த நாடுகளில் உள்ள குடும்பம் கேட்டு வந்தால், "இங்கிருந்து ஒருவர் ஓதிக்கொடுக்க அனுமதி வேண்டுமா என்று உங்கள் ஊர் அலுவலகத்தில் கேட்டுச் சொல்லுங்கள்" என்று பெற்றோரிடமே முதலில் சொல்லிவிடுங்கள். பதில் எழுத்தில் வந்தால் பத்திரமாக வையுங்கள். சிக்கல் வந்தால் மாட்டுவது அங்கே விசாவில் இருக்கும் அந்தக் குடும்பம். அந்நாடுகளின் பெயரைப் போட்டு விளம்பரம் செய்வதைத் தவிருங்கள்.

3. எந்தச் செயலியில் நடத்துவது

ஜூமின் இலவசக் கணக்கில் ஒரு வகுப்பு 40 நிமிடத்தில் தானாக அறுந்துவிடும். இருவர் மட்டும் இருந்தாலும் அப்படித்தான். 30 நிமிட வகுப்புக்கு இது போதும். கூகுள் மீட்டில் இருவர் பேசினால் நேரத் தொல்லை இல்லை, மூன்று பேர் முதல் 60 நிமிடம். ஸ்கைப் 2025 மே மாதத்தோடு மூடப்பட்டுவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இன்னும் அதைப் பார்த்தால் கடந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு எளிது என்று பலர் அதிலேயே தொடங்குகிறார்கள். அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, ஜூம் வேலை செய்யும். விபிஎன் போட்டுப் பேசலாம் என்று பெற்றோர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தடை செய்ததைச் சுற்றி வர விபிஎன் பயன்படுத்துவது அங்கே குற்றம்.

என் பரிந்துரை ஜூம்தான். காரணம் அடுத்த படியில் வருகிறது.

யூடியூப் நேரலை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓதி மற்றவர்கள் கேட்க அது நல்லது. தஜ்வீத் சட்டம் விளக்கலாம், ரமலானில் தினம் ஒரு பக்கம் ஓதிக்காட்டலாம். ஆனால் பிள்ளை ஓதுவது உங்களுக்குக் கேட்காது. ஓதல் என்பது வாயிலிருந்து காதுக்கும் காதிலிருந்து வாய்க்கும் போய் வர வேண்டியது. ஒருவழிப் பாதையில் திருத்த முடியாது. நேரலையை வைத்து உங்களை அறிமுகம் செய்துகொள்ளுங்கள், ஓதிக்கொடுப்பதை ஜூமில் செய்யுங்கள். நேரலை தொடங்க முதல் முறை அனுமதி கேட்டால் 24 மணி நேரம் வரை ஆகலாம். போனிலிருந்து நேரலை செய்யக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். 'குழந்தைகளுக்கானது' என்று குறித்துவிட்டால் நேரலை உரையாடல் பெட்டி மூடிக்கொள்ளும், கேள்வி கேட்கவே முடியாது. புகழ்பெற்ற காரிகளின் (குர்ஆன் ஓதுநர்களின்) ஒலிப்பதிவை இடையில் போட்டால் காப்புரிமை அறிவிப்பு வரலாம். உங்கள் குரலிலேயே ஓதுங்கள்.

4. ஒலி: இங்கேதான் நேரமும் காசும் செலவழிக்க வேண்டும்

ஜூம் போன்ற செயலிகள் அலுவலகக் கூட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. மின்விசிறிச் சத்தம், நாய் குரைப்பது எல்லாவற்றையும் தாமாகவே அமுக்கும். அந்த வடிகட்டி மெல்லிய காற்றொலியையும் நீண்டு ஒரே சீராக வரும் ஒலியையும் இரைச்சல் என்று எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேண்டியதே அவைதான். ஹாவும் ஸீனும் ஃபாவும் காற்றோடு வருபவை. மத்தும் (நெடிலை நீட்டுவது) குன்னாவும் நீள்பவை. பிள்ளை ஆறு ஹரகத் (நீட்டலை எண்ணும் அளவு) சரியாக நீட்டியிருக்கும், உங்களுக்கு மூன்றில் நின்றதுபோல் கேட்கும். நீங்கள் "இன்னும் நீட்டு" என்பீர்கள். பிள்ளை குழம்பிப் போகும்.

ஜூமில் இதற்கு வழி இருக்கிறது. ஆடியோ அமைப்புகளில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' என்று ஒன்று உண்டு. அதை இயக்கிவிட்டால் வடிகட்டி ஒதுங்கிக்கொள்ளும். கணினியில் அமைப்புகளில் இயக்கிய பிறகு வகுப்புத் திரையின் மேலே அதற்கான பொத்தான் வரும், அதையும் ஒருமுறை அழுத்த வேண்டும். போனில் மீட்டிங் அமைப்புகளுக்குள் இருக்கும்.

எல்லோரும் தவறவிடும் இடம் இதுதான்: இதை உங்கள் பக்கம் மட்டும் இயக்கினால் போதாது, பிள்ளையின் பக்கமும் இயக்க வேண்டும். நீங்கள் கேட்பது அங்கிருந்து கிளம்பும் ஒலி. முதல் வகுப்புக்கு முந்தின நாள் தாயாரை அழைத்து, திரையைப் பகிரச் சொல்லி, நீங்களே கூட இருந்து இதை மாற்றிக் கொடுங்கள். 15 நிமிட வேலை, அதற்குப் பிறகு மாதக்கணக்கில் நிம்மதி. இப்படிச் செய்தால் வீட்டுச் சத்தம் எல்லாம் வரத் தொடங்கும். அதனால் பிள்ளை தனி அறையில், கதவைச் சாத்தி உட்கார வேண்டும்.

ஹெட்செட்: புளூடூத் வேண்டாம். மைக் வேலை செய்யும்போது அதன் ஒலித்தரம் நன்றாகக் குறைந்துவிடும். ஸீன், ஸாத், தா (ث) என்ற மூன்றும் ஒன்றுபோலக் கேட்கும். வயர் உள்ள, மைக் இணைந்த இயர்போன் இரு பக்கமும் இருக்கட்டும். 500 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைப்பதே போதும். மைக் வாய்க்கு நேரே இருந்தால் மூச்சுக் காற்று மோதி 'புஸ்' என்று வரும். கன்னத்துப் பக்கமாகத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். வகுப்பு தொடங்கும் முன் ஸீன், ஸாத், தா மூன்றையும் மாற்றி மாற்றி நீங்கள் சொல்லுங்கள், தாயார் எதைக் கேட்டார் என்று சொல்லட்டும். அப்புறம் அவர் சொல்ல நீங்கள் கேளுங்கள். பிரித்தறிய முடிந்தால் வகுப்பு நடத்தலாம். முடியவில்லை என்றால் இயர்போனையோ இணையத்தையோ மாற்றாமல் தொடங்காதீர்கள்.

இணையம்: மாதம் 400 முதல் 700 ரூபாய்க்குள், ஜிஎஸ்டி தனி, கிடைக்கும் பைபர் இணைப்பு போதும். மொபைல் டேட்டாவை நம்பினால் வகுப்பு ஒரு மணிக்கு அரை ஜிபிக்கு மேலேயே தின்னும், தினசரி அளவு சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். அதை அவசரத்துக்கு வையுங்கள். கரண்ட் போனால் ரூட்டர் அணையாமல் இருக்க ஒரு மினி யூபிஎஸ் வாங்கிவிடுங்கள், 1,500 ரூபாயை ஒட்டி வரும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். அன்றைய பகல் வகுப்புகளை முந்தின நாளே மாற்றிவிடலாம்.

கேமரா: முகம் முழுக்கத் தெரிய வேண்டும் என்பதில்லை, பிள்ளையின் வாய் தெரிய வேண்டும். தா (ث), தால் (ذ), ழா (ظ) ஓதும்போது நாக்கு நுனி பல் விளிம்புக்கு வருகிறதா, பாவில் உதடு மூடுகிறதா, ளம்மாவில் ('உ' ஒலிக்குறி) உதடு குவிகிறதா என்பதைக் கண்ணால் பார்த்தால் பாதித் திருத்தம் அங்கேயே முடியும். வெளிச்சம் பிள்ளையின் முன்னால் இருக்கட்டும், முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் முகம் இருட்டடித்துவிடும். வயது வந்த பெண்பிள்ளைகள் கேமரா வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்துத் தன் வாயைத் தானே பார்த்து ஓதச் சொல்லலாம்.

5. இரு பக்கமும் ஒரே முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி)

நம் வீட்டில் இருப்பது பெரும்பாலும் இந்தியப் பதிப்பு. வளைகுடாவில் இருக்கும் பிள்ளையின் கையில் மதீனா பதிப்பு, 604 பக்கம், பக்கத்துக்கு 15 வரி. "மூன்றாவது வரியைப் பார்" என்று நீங்கள் சொன்னால் பிள்ளை வேறெங்கோ பார்க்கும்.

பக்க எண் மட்டுமல்ல, குறியீடுகளும் மாறும். ஸுகூன் (உயிரொலி இல்லாததைக் காட்டும் குறி) போடும் விதம், மத்தைக் காட்டும் விதம், வக்ஃபு (நிறுத்தம்) அடையாளங்கள் எல்லாம் வேறு. இத்ஃகாம் (சேர்த்து ஓதுவது), இக்ஃபா (மறைத்து ஓதுவது) வரும் இடத்தில் மதீனா பதிப்பு நூன் மேல் ஸுகூன் போடாமல் விட்டுவிடும். தன்வீனின் (சொல் முடிவில் 'ன்' ஒலி தரும் இரட்டைக் குறி) இரண்டு கோடுகளும் நேராக இருந்தால் இழ்ஹார் (தெளிவாக ஓதுவது), சற்று விலகி இருந்தால் இத்ஃகாமோ இக்ஃபாவோ. இந்தியப் பதிப்பில் ஓதிப் பழகியவர்களுக்கு இது கண்ணில் படாது. நீங்கள் மதீனா பதிப்பையும் ஒருமுறை குறியீட்டு விளக்கத்தோடு படித்துப் பழகிக்கொள்ளுங்கள். பிள்ளை ஏற்கனவே எதில் ஓதுகிறதோ அதையே நீங்களும் எடுங்கள். ஹிஃப்ழ் செய்யும் பிள்ளைக்கு நடுவில் முஸ்ஹஃபை மாற்றவே கூடாது. அதன் மனதில் பக்கத்தின் எந்த மூலையில் எந்த ஆயத்து என்பது பதிந்திருக்கும்.

திரையில் பகிர குர்ஆன்.காம் தளம் வசதியானது. மதீனா எழுத்து, இந்தோ பாக் எழுத்து இரண்டும் அமைப்புகளில் மாற்றிக்கொள்ளலாம். ஷெய்க் மஹ்மூத் கலீல் அல்ஹுஸரியின் முஅல்லிம் (கற்பிப்பதற்கான) ஓதலும் அதில் இருக்கிறது. வகுப்பில்லாத நாளில் பிள்ளை கேட்டு ஓத அதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

எழுத்துக்கூட்டும் பிள்ளைக்கு எந்த அரிச்சுவடி, நூரானி காயிதாவா, யஸ்ஸர்னல் குர்ஆனா? எதுவானாலும் சரி, ஒன்றை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தமிழ் எழுத்தில் அச்சடித்த யாசீனையும் சின்ன ஸூராக்களையும் வகுப்பு மேசையிலிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அதில் இரண்டு காஃபும் (ق, ك) ஒரே 'க'தான். பிள்ளை ஒருமுறை அதைப் பிடித்துக்கொண்டால் மீட்பது கடினம்.

6. நேர அட்டவணை

துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சவூதி, கத்தார், குவைத் இரண்டரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா இரண்டரை மணி நேரம் முன்னால். சிங்கப்பூரில் மஃரிபுக்குப் பிறகு 7.30 என்றால் நமக்கு மாலை 5 மணி. துபாயில் பள்ளி விட்டு வந்து 4.30 என்றால் நமக்கு 6 மணி, நம் மஃரிபோடு மோதும். மஃரிப் நேரம் ஊரில் நவம்பரில் ஆறு மணிக்கு முன்பே வரும், ஜூலையில் ஆறே முக்காலை நெருங்கும். அதனால் 5.45 முதல் 7.15 வரை வகுப்பே வைக்காமல் விட்டுவிடுங்கள். தொழுகையும் வீடும் அவசரமில்லாமல் நடக்கும்.

பிரிட்டனுக்கு வருடத்தில் இருமுறை கடிகாரம் மாறும். மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி நேர வித்தியாசம், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து ஐந்தரை. குளிர்காலத்தில் அங்கே மாலை 5 மணி என்றால் நமக்கு இரவு 10.30. உடம்பு தாங்காது. லண்டன் பிள்ளைகளுக்குச் சனி, ஞாயிறு காலையில் வையுங்கள், நமக்குப் பிற்பகலாக இருக்கும். அமெரிக்கா மாறும் தேதிகள் வேறு: மார்ச் இரண்டாம் ஞாயிறு, நவம்பர் முதல் ஞாயிறு. வார விடுமுறையையும் கேட்டுக்கொள்ளுங்கள். சவூதியிலும் கத்தாரிலும் வெள்ளி, சனி. அமீரகத்தில் 2022 முதல் சனி, ஞாயிறு, வெள்ளி அரை நாள்.

நேரத்தை எழுதும்போது இரண்டு ஊர் நேரத்தையும் சேர்த்தே எழுதுங்கள்.

7. வகுப்பை நடத்தும் விதம்

மக்தபில் (சிறுவர் ஓதும் பள்ளியில்) எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாகச் சத்தம் போட்டு ஓதும் பழக்கம் ஆன்லைனில் நடக்காது. ஒவ்வொருவர் குரலும் ஒரு நொடிக்குள்ளான தாமதத்தோடு வந்து சேரும், வெறும் கலவரமாகத்தான் கேட்கும். குழு வகுப்பு என்றால் நான்கு பிள்ளைகளுக்கு மேல் எடுக்காதீர்கள். ஒருவர் ஓத மற்றவர்கள் மைக்கை மூடிக்கொண்டு விரல் வைத்துப் பார்த்துக் கேட்கட்டும். எழுத்துக்கூட்டும் பிள்ளைக்குத் தனி வகுப்புதான் சரி.

30 நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி: முதல் 8 நிமிடம் பழைய பாடம், அடுத்த 12 நிமிடம் புதுப்பாடம், நான் ஓத, பிள்ளை திருப்பி ஓத, 5 நிமிடம் ஒரே ஒரு தஜ்வீத் சட்டம், மீதி நேரம் துஆ அல்லது ஒரு சின்ன ஸூரா. ஒரே வகுப்பில் எல்லாப் பிழையையும் திருத்தப் பார்த்தால் பிள்ளை வாயை மூடிக்கொண்டுவிடும். அர்த்தத்தை மாற்றும் பிழையை உடனே நிறுத்தித் திருத்துங்கள். மற்றதைக் குறித்துவைத்து ஆயத்து முடிந்ததும் சொல்லுங்கள். நடுவில் குறுக்கிட்டால் ஒலி தாமதத்தால் பிள்ளை அடுத்த வார்த்தைக்குப் போயிருக்கும், எதைத் திருத்துகிறீர்கள் என்றே அதற்குப் புரியாது. கையைத் தூக்கினால் நிறுத்த வேண்டும் என்று முதல் நாளே சைகை பழக்கிவிடுங்கள்.

பிழைகள் இரண்டு வகையாக வரும். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை கடைசி எழுத்தில் 'உ' சேர்க்கும். "குல் ஹுவல்லாஹு அஹது" என்று முடிக்கும். அஹத் என்று தால் (د) எழுத்தைக் கல்கலாவோடு அதிர்த்து நிறுத்த வேண்டிய இடம் அது. 'து' என்று உதட்டைக் குவிக்க விடாமல், உதட்டைச் சிரிப்பதுபோல் வைத்துக்கொண்டு ஓதச் சொல்லுங்கள், 'உ' தானாக விழுந்துவிடும். இன்னொன்று அந்த இரண்டு காஃப். கல்ப் என்பதைத் தொண்டையை ஒட்டிய அடி நாக்கிலிருந்து எடுத்தால் உள்ளம், முன்னால் வந்துவிட்டால் நாய். ஐனும் ஹாவும் வர நாளாகும், அவசரப்படாதீர்கள்.

லண்டனிலும் அமெரிக்காவிலும் வளரும் பிள்ளைக்கு வேறு தொல்லை. அதன் தா (ت) ஆங்கில டகரமாக வரும், ரா நாக்கு மடங்கி வழுக்கிக்கொண்டு போகும். இங்கே தமிழ் கைகொடுக்கும். தா எழுத்தே வராத ஒரு பெண்பிள்ளையிடம் "உங்க அத்தாவைக் (அப்பாவை) கூப்பிடு" என்றேன். "அத்தா!" என்று வீடு அதிரக் கத்தினாள். "அந்த 'த்'தை அப்படியே வைத்து இப்போ ஓது" என்றதும் அதே வகுப்பில் தப்பத் யதா சரியாக வந்தது. அவள் அத்தாவும் என்னமோ ஏதோ என்று ஓடி வந்து கூட உட்கார்ந்துகொண்டார். ராவுக்கு 'மரம்', 'கரம்' என்று சொல்ல வைத்து அந்த நாக்கு நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தமிழே பேசாத பிள்ளைக்கும் இந்த நாலைந்து சொற்களைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் தாயாருக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு அனுப்புங்கள்: இன்று எந்த ஆயத்து வரை, எந்த எழுத்தில் கவனம், அடுத்த வகுப்புக்கு எத்தனை முறை ஓதிவர வேண்டும். இது இருந்தால் கட்டணம் பற்றிய பேச்சே வராது.

8. கட்டணமும் பணம் வரும் வழியும்

ஓதிக்கொடுக்கப் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கும். நேரத்துக்கும் உழைப்புக்கும்தான் கேட்கிறீர்கள். தொகையைச் சொல்லாமல் "பார்த்துக் கொடுங்கள்" என்றால் இரு பக்கமும் சங்கடம்தான். நான் வாரம் நான்கு தனி வகுப்புக்கு மாதம் 2,000 ரூபாய் வாங்குகிறேன், குழு என்றால் பிள்ளைக்கு 1,000. வசதியில்லாத குடும்பம் என்றால் குறைத்துக்கொள்வேன், அதை மற்றவர்களிடம் சொல்வதில்லை. மாதத் தொடக்கத்தில், 5ஆம் தேதிக்குள் முன்பணமாக வாங்குங்கள். முதல் இரண்டு வகுப்பை இலவசமாக வைத்தால் பிள்ளையும் நீங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம்.

பணம் வர எளிய வழி, பெற்றோரின் என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ (வெளிநாடு வாழ் இந்தியர்) கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு யூபிஐ அல்லது வங்கிப் பரிமாற்றம். அமீரகம், சவூதி, சிங்கப்பூர், பிரிட்டன் உட்படச் சில நாடுகளின் போன் எண்ணிலேயே யூபிஐ இயங்குகிறது. இல்லையென்றால் ஊரில் இருக்கும் நன்னா, நன்னி (தாத்தா, பாட்டி) கணக்கிலிருந்து அனுப்பச் சொல்லலாம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களுக்கு பேபால் ஒரு வழி. கட்டணம் 4 சதவீதத்துக்கு மேல் போகும், நாணய மாற்றிலும் கொஞ்சம் பிடிப்பார்கள். பான் எண் கட்டாயம். மூன்று மாதத்துக்குச் சேர்த்து அனுப்பச் சொன்னால் ஒவ்வொரு முறையும் பிடிக்கும் நிலைக்கட்டணமாவது மிச்சமாகும்.

இதில் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. பணம் அனுப்பும்போது குறிப்பில் 'ஹதியா' (அன்பளிப்பு), 'நன்கொடை' என்று எழுத வேண்டாம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள். 'வகுப்புக் கட்டணம்' என்றே எழுதட்டும், உண்மையும் அதுதான். வெளிநாட்டவரிடமிருந்து நன்கொடை வாங்குவதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் கடுமையான நிபந்தனைகள் வைத்திருக்கிறது. சேவைக்கான கட்டணம் அதில் சேராது. அதே காரணத்துக்காக, வங்கிக் கணக்கு இல்லை என்று பள்ளிவாசல் அல்லது மத்ரஸா டிரஸ்ட் கணக்கில் கட்டணத்தைப் போடச் சொல்லாதீர்கள். உங்கள் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு திறந்து இதற்கு மட்டும் வையுங்கள்.

யார், எந்த மாதம், எவ்வளவு, எத்தனை வகுப்பு என்று ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். இது வருமானம், வரிக் கணக்கில் காட்ட வேண்டியது. ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. வருடத்துக்கு ஒருமுறை ஆடிட்டர் ஒருவரிடம் காட்டிவிட்டால் மனதுக்கு நிம்மதி.

9. பெற்றோருடன் முன்பே பேசி முடிக்க வேண்டியவை

வாட்ஸ்அப்பில் ஒரே செய்தியாக எழுதி அனுப்பி, "சம்மதம்" என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு நாள், நேரம், கட்டணம், எத்தனை மணி நேரம் முன்பு சொன்னால் வகுப்பை மாற்றித் தருவீர்கள், சொல்லாமல் வராவிட்டால் என்ன, பிள்ளை 10 நிமிடம் தாமதமாக வந்தால் என்ன, நிறுத்துவதாக இருந்தால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். இவ்வளவும் அதில் இருக்கட்டும்.

பாதுகாப்பு விஷயத்தில் தளர்வு வேண்டாம். வகுப்பு நேரத்தில் பெற்றோரில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில். ஜூமில் காத்திருப்பு அறையை இயக்குங்கள், பாஸ்வேர்டு போடுங்கள், இணைப்பைப் பொதுக் குழுவில் போடாதீர்கள். பிள்ளையோடு தனியாகச் செய்திப் பரிமாற்றம் கிடையாது, எதுவானாலும் தாயார் எண்ணுக்குத்தான். வகுப்பைப் பதிவு செய்வதா வேண்டாமா என்பதை இரு பக்கமும் சம்மதித்து முடிவு செய்யுங்கள். பதிவு செய்தால் அதை யாருக்கும் பகிரக் கூடாது என்றும் எழுதுங்கள். உங்கள் முகமோ குரலோ ஸ்டேட்டஸில் வந்துவிடக் கூடாது என்று நினைப்பது உங்கள் உரிமை. பிள்ளை ஓதும் வீடியோவை விளம்பரத்துக்கு எடுக்காதீர்கள், பெற்றோரே சரி என்றாலும்.

10. விலக்கு நாட்கள், ரமலான், விடுமுறை

மாத விலக்கு நாட்களில் ஆலிமாக்கள் ஓதிக்கொடுப்பது பற்றி மத்ஹபுகளிடையே (மார்க்கச் சட்ட வழிகளிடையே) விவரம் வேறுபடுகிறது. உங்கள் மத்ஹபின்படி என்ன என்பதை உங்கள் உஸ்தாதிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நான் அந்த நாட்களில் வகுப்பை நிறுத்துவதில்லை, பாடத்தை மாற்றிவிடுகிறேன். பிள்ளை பழைய பாடம் ஓத நான் கேட்பேன், ஹுஸரியின் ஓதலைப் போட்டுத் திருப்பி ஓத வைப்பேன், தஜ்வீத் சட்டங்களின் பெயர், எழுத்துகள், எளிய மஸ்அலாக்கள் (மார்க்கச் சட்ட விளக்கங்கள்) நடக்கும். இந்தப் பாடங்களை முன்பே தயாரித்து வைத்தால் யாருக்கும் காரணம் சொல்ல வேண்டிய அவசியம் வராது. வயது வந்த மாணவிகளுக்கும் இதே ஏற்பாடு உதவும், அவர்களும் கூச்சப்பட்டு லீவு கேட்க வேண்டியதில்லை.

ரமலானில் பழைய அட்டவணை எதுவும் நிற்காது. இஃப்தார், தராவீஹ் இரண்டும் ஒவ்வொரு நாட்டிலும் ஒவ்வொரு நேரம். வளைகுடாவில் பள்ளி நேரமும் குறையும். ரமலானுக்கு இரண்டு வாரம் முன்பே புது அட்டவணையை அனுப்பிவிடுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவர்கள் ஊர் நேரப்படி லுஹருக்குப் பிறகு ஒத்துவரும். புதுப்பாடத்தைக் குறைத்து, ஓதியதையே திருப்பி ஓத வையுங்கள். கடைசிப் பத்தில் வகுப்பு கிடையாது என்று முதலிலேயே சொல்லி, கட்டணத்தையும் அதற்கேற்பக் குறைத்துவிடுங்கள். பெருநாளுக்குப் பிறகு வகுப்பு எந்தத் தேதியில் தொடங்கும் என்பதையும் அதே செய்தியில் எழுதிவிடுங்கள். கோடை விடுமுறைக்கு ஊருக்கு வரும் குடும்பங்கள் ஜூலை, ஆகஸ்டில் வகுப்பை நிறுத்தும். அந்த இரண்டு மாத வரவு குறையும் என்பதை இப்போதே கணக்கில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தை உள்ளூர்ப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஒதுக்கிவையுங்கள்.